இடது கையில் நாய்க்குட்டி மூச்சு

கோஷாக்டன், ஓஹாயோ
ஜூலை 6

எஸ்ரா அண்ணா,

நீ என் நம்பரை பிளாக் பண்ணிட்ட, மெயிலும் போகல. அதனாலதான் பேப்பர். ஸ்கூல் முடிச்சதுக்கு அப்புறம் பேனாவே பிடிச்சதில்ல, என் எழுத்து எனக்கே புரியல. அட்ரஸ அம்மாகிட்ட கெஞ்சித்தான் வாங்கினேன். ஐடஹோ காட்டுல மலை உச்சியில ஒரு கோபுரத்துல ஒத்தையா உக்காந்துகிட்டு எங்க தீ பிடிக்குதுன்னு பார்க்கறியாமே. போன் எடுக்காதாமே. தபாலே கோவேறு கழுதை மேலதான் வருமாமே. என்கிட்ட இருந்து தப்பிக்கறதுக்கு இவ்வளவு தூரமா போகணும்?

சொல்ல வேண்டியத முதல்லயே சொல்லிடறேன். வாங்கிட்டேன். ஆயிரத்தெண்ணூத்து ஐம்பத்தொன்பது மாடல் குதிரைப்படை கார்பைன் துப்பாக்கி, இத்தாலியில செஞ்ச நகல். உன்னோடது மாதிரியே அச்சு அசலா.

கிழிச்சுப் போடாத, மீதியையும் படி.

பீட்சா வர மாதிரிதான் வந்துச்சு. உள்நாட்டுப் போர் காலத்து டிசைன்னா லைசென்ஸ் கிடையாது, கடைக்குப் போகணும்னு கிடையாது, வேன்காரன் வாசல்ல வெச்சுட்டு "மீன் தூண்டிலா?"ன்னு கேட்டான். "ஆமா, பெரிய மீன்"னேன். அம்மா அப்போ சோளம் உரிச்சுகிட்டு இருந்தாங்க. பெட்டியோட நீளத்தப் பார்த்தாங்க. பாதி உரிச்ச சோளத்த அப்படியே வெச்சுட்டு உள்ள போயிட்டாங்க.

அண்ணா, அது எவ்வளவு அழகா இருக்கு தெரியுமா. பக்கவாட்டு இரும்புல, மழைத்தண்ணில பெட்ரோல் சிந்தினா வருமே, அந்த நீலமும் காவியும். அடியில இருக்கிற லிவர கீழ தள்ளினா இரும்புக் கதவு வழுக்கிகிட்டு இறங்குது. குழாயோட பின்வாய் திறக்குது. லிவர ஏத்தினா க்ளக். எனக்கு உக்காரவே முடியல. ஹால்ல இருந்து கிச்சனுக்கு, கிச்சன்ல இருந்து ஹாலுக்கு, க்ளக் க்ளக்னு நடந்துகிட்டே இருந்தேன். பக்கத்து வீட்டு நாய் குலைக்க ஆரம்பிச்சிடுச்சு.

ஈஸ்டர் விஷயம். "ஃபோரத்துல எல்லாரும் சொல்றாங்க, நீ வெடிமருந்த அளவுக்கு மேல போட்டதாலதான் உன் துப்பாக்கி வெடிச்சுது"ன்னு நான் சொன்னேன். எல்லாரும் ஹாம் சாப்பிட்டுகிட்டு இருக்கும்போது, மாமா சித்தி எல்லார் முன்னாடியும் சொன்னேன். நீ உன் இடது கைய மேஜைக்கு அடியில எடுத்து வெச்சுகிட்ட. "நீயும் அத வாங்கினா எனக்கு தங்கச்சியே கிடையாது"ன்னு எழுந்து போயிட்ட. அங்க வெச்சு சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனா நான் ஃபோரத்துல அந்த விவாதத் திரிய முழுசா படிச்சேன் அண்ணா, நூத்துக்கணக்குல பதில். அளவுதான் காரணம்னு அடிச்சு சொல்றாங்க. அதனால நான் உன் அளவுல முக்கால்தான் போடப் போறேன். ஒண்ணும் ஆகாது.

உன் பழைய துப்பாக்கி சுடற டீம்ல வெர்னா எனக்கு இடம் குடுத்துட்டாங்க. "எஸ்ராவோட இடம் காலியாதான் இருக்கு, நின்னுக்கோ"ன்னாங்க. இன்னும் உன் பேர சொல்லித்தான் அந்த இடத்த கூப்பிடறாங்க. ஆகஸ்ட் 9 சனிக்கிழமை போட்டி.

திட்டணும்னா திட்டியே எழுது. ஆனா எழுது.

ரோவேனா


ஹேர்பெல் கோபுரம், ஐடஹோ
ஜூலை 17

ரோவேனா,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. அடுப்புக்கு அருகில் விறகோடு வைத்திருக்கிறேன்.

கழுதைகளை ஓட்டிவரும் ஆர்லோதான் கொண்டு வந்தார். உறையை முகர்ந்து பார்த்துவிட்டு, "பொம்பள எழுத்து. காதலியா?" என்றார். "தங்கச்சி" என்றேன். "அடப்பாவமே, அப்போ கெட்ட சேதிதான்," என்று சொல்லிவிட்டு என் காப்பியை அவரே எடுத்துக் குடித்தார். அவர் சொன்னது சரியாகிவிட்டது.

அதை விற்றுவிடு. நல்ல விலைக்குப் போகும். போகாவிட்டாலும் விற்றுவிடு.

இங்கே என் இடது கையில் இல்லாத இரண்டு விரல்களின் கதை யாருக்கும் தெரியாது. மர அறுவை மில்லில் போனதா என்று ஒருவர் கேட்டார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு மில் என்றே எல்லாக் கோபுரங்களுக்கும் பரவிவிட்டது. எனக்கு அது போதுமாக இருக்கிறது. ஓஹாயோவில் மளிகைக் கடைக்குப் போனால்கூட யாராவது என் கையைப் பார்த்துவிட்டு, எவ்வளவு மருந்து போட்டாய் என்று கேட்பார்கள். இங்கே காலையும் மாலையும் ரேடியோவில் வானிலை சொல்கிறேன். புகை தெரிந்தால் புகை என்கிறேன். அவ்வளவுதான் பேச்சு.

ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். நான் அளந்துதான் போட்டேன். எப்போதும் போடும் அளவு. ஏன் வெடித்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உன் ஃபோரத்தில் இருப்பவர்களுக்கும் தெரியாது. வித்தியாசம் என்னவென்றால், அவர்கள் அதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

வெர்னாவிடம் அந்த இடத்துக்கு உன் பெயரையே சொல்லச் சொல். அல்லது வேறு யாரையாவது நிறுத்தச் சொல். இனி இதைப் பற்றி எனக்கு எழுதாதே.

எஸ்ரா


கோஷாக்டன்
ஜூலை 29

அண்ணா,

எழுதாதேன்னு எழுதியிருக்க. எழுதாம எப்படி இருக்கறது, சுட்டுட்டேனே.

முதல்ல தோட்டா. பியூட்டி பார்லர்ல முடி சுருட்டும்போது வெப்பாங்களே மெல்லிசு பேப்பர், அது ஒரு கட்டு வாங்கினேன். பார்லர் அக்கா என் முடியப் பார்த்தாங்க, பேப்பரப் பார்த்தாங்க, "இத வெச்சு என்ன பண்ணப் போற?"ன்னாங்க. "போர்"னேன். குச்சியில சுத்தி, ஈயக் குண்ட முனையில ஒட்டி, பின்னால கருமருந்த நிரப்பி, வால முறுக்கி விட்டுடணும். உள்ள சொருகி லிவர ஏத்தினா கதவோட விளிம்பு அந்த வால கத்திரிக்கோல் மாதிரி வெட்டிடும். ஃபோரத்துல இதுக்கு ரெண்டு கட்சி இருக்கு. வால் வெக்காம அடிய ஒட்டிடு, கதவு வெட்டக் கூடாதுங்கறது ஒரு கட்சி. வெட்டணும், அந்தக் காலத்து குதிரைப்படைக்காரன் அப்படித்தான் பண்ணான்ங்கறது இன்னொண்ணு. நான் ரெண்டாவது. வெட்டும்போது கொஞ்சம் மருந்து கதவு மேல சிந்தும். சுட்டா அதுவும் சேர்ந்து மேல புஸ்ஸுன்னு எரியும், ஜூலை நாலாம் தேதி மத்தாப்பு மாதிரி. வீடியோல அதுதான் செமயா தெரியுது.

முதல் குண்டு எங்க போச்சுன்னு தெரியல. புகை கலையற வரைக்கும் எல்லாரும் பார்த்தோம், பலகையில குறிக்கு வெச்ச களிமண் புறா, அந்த ஆரஞ்சு வட்டத் தட்டு எல்லாம் வரிசையா அப்படியே இருக்கு. வெர்னா என் தோள்ல கை வெச்சு, "கண்ணு, புறா ஓஹாயோலதான் இருக்கு. நீ குண்ட பென்சில்வேனியாவுக்கு அனுப்பிட்ட"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு காது வரைக்கும் சூடு. அப்புறம் கொஞ்சம் கீழ பிடிச்சேன். ஒண்ணு உடைஞ்சுது. அண்ணா, அந்த ஆரஞ்சு தூள் பறந்தத பார்த்ததும் நான் குதிச்சேன், கார்பைனோட. சுடற மைதானத்து ரேஞ்ச் ஆபீசர் கத்தின கத்துல வெர்னா என் சார்பா மன்னிப்பு கேட்டாங்க.

போகப் போக லிவர் இறுகுது. கரி அடைக்குது. சோப்புத் தண்ணி தெளிச்சா சரியாகுது. வீட்டுக்கு வந்ததும் எல்லாரும் சொல்ற மாதிரி குழாய், கதவு, எல்லாம் கழுவி எண்ணெய் போட்டுடறேன்.

இன்னொண்ணு இருக்கு, இத ஒரு வீடியோல கூட யாரும் சொல்லல. குழாய்க்கு அடியில இருக்கிற மர முன்கட்டைய பிடிச்சிருக்கேன் இல்ல, அந்த இடது கையில, சுடும்போது, விரலுக்கு நடுவுல சூடா ஒரு குட்டிக் காத்து வருது. நாய்க்குட்டி கைய மோந்து பார்த்து மூச்சு விடற மாதிரி. முதல் தடவ போனப்போ இல்ல. ரெண்டாவது தடவதான் ஆரம்பிச்சுது, போன சனிக்கிழமை இன்னும் நல்லா தெரிஞ்சுது. எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருக்கு, துப்பாக்கிக்கு உயிர் இருக்கிற மாதிரி. வெர்னாகிட்ட சொன்னேன், "கையுறை போட்டுக்கோ"ன்னாங்க. அவங்க கார்பைன் நடுவுல மடியற வகை, அதுல கதவே கிடையாது, அவங்களுக்கு எப்படி தெரியும்.

போட்டி ஆகஸ்ட் 9, மறந்துடாத. ஒரு டீமுக்கு அஞ்சு பேர், அவங்கவங்க பலகை, எந்த டீம் எல்லாத்தையும் சீக்கிரம் உடைக்குதோ அதுதான் முதல். யாரோட துப்பாக்கியாவது மக்கர் பண்ணா அவங்க பின்னால போய் உக்காந்துடணும், மத்தவங்க அவங்க புறாவ உடைப்பாங்க. உனக்கே தெரியும். நான் உக்கார மாட்டேன். லிவர கால்ல மிதிச்சாவது இறக்குவேனே தவிர, என் புறாவ இன்னொருத்தர் உடைக்கறத பார்த்துகிட்டு நிக்க மாட்டேன்.

விக்கறதா இல்ல. முக்கால் அளவுதான் போடறேன். அதனால கவலைப்படாத.

ரோ


ஹேர்பெல் கோபுரம்
ஆகஸ்ட் 9

ரோ,

இதை நீ படிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன். சும்மா உட்கார முடியவில்லை.

ஆர்லோ இன்று காலை சீக்கிரமே வந்துவிட்டார். உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். பென்சில்வேனியா வந்தபோது சிரித்தேன். ஆர்லோ, "பரவாயில்லையே, உனக்குப் பல்லெல்லாம் இருக்கு," என்றார். அடுத்த பக்கத்தில் நாய்க்குட்டி மூச்சு வந்தது.

அதே காற்று என் கையிலும் பட்டது, ரோ. வெடிப்பதற்கு முந்தைய சனிக்கிழமைகளில். அது ஒன்றுமில்லை என்று நினைத்தேன். பிறகு நடந்ததில் அதை மறந்தே போனேன். நீ எழுதியதைப் படித்த பிறகுதான் அது எங்கிருந்து வருகிறது என்று யோசித்தேன். குழாய்க்கு அடியில் முன்கட்டை குடைந்திருக்கிறது. கதவு வெட்டும்போது மேலே சிந்துவது கொஞ்சம்தான். மீதி கதவோடு கீழே இறங்கி அந்தக் குடைவுக்குள் போகிறது. நீ குழாயைக் கழுவுகிறாய், கதவைக் கழுவுகிறாய். கட்டையைக் கழற்றுவதில்லை. நானும் கழற்றியதில்லை. ஒவ்வொரு முறையும் மருந்து அங்கே சேர்கிறது. கதவு தேயத் தேய நெருப்புக் காற்றும் அதே வழியில் கசிகிறது. ஒருநாள் இரண்டும் சந்திக்கும். அந்த இடத்தைப் பிடித்தபடி உன் இடது கை இருக்கும். முக்கால் அளவு போட்டாலும் கால் அளவு போட்டாலும் அதற்கு அக்கறையில்லை.

நாள்காட்டியைப் பார்த்தேன். ஒன்பதாம் தேதி. ஓஹாயோவில் ஏற்கெனவே சுட ஆரம்பித்திருப்பார்கள்.

இங்கே இருப்பது தீ ரேடியோ மட்டும்தான். நான் பேசினால் இந்தக் காட்டில் இருக்கும் அத்தனை கோபுரங்களும் கேட்கும். தலைமை நிலையத்தில் டோரீன் இருந்தார்.

"சொல்லு ஹேர்பெல், புகையா?"

"புகை இல்ல. ஒரு போன் பண்ணணும். ஓஹாயோவுல என் தங்கச்சிக்கு."

"எஸ்ரா, ராசா, இது தீ ரேடியோ. பிறந்தநாள் வாழ்த்தெல்லாம் இதுல கிடையாது."

"டோரீன், அவ கையில ஒரு துப்பாக்கி இருக்கு. இன்னிக்கு அது அவ இடது கையில வெடிக்கும். எனக்கு ரெண்டு விரல் போனது அப்படித்தான்."

வழக்கமாக யாராவது நடுவில் இருமுவார்கள், பொத்தானை அழுத்தி விளையாடுவார்கள். இன்று டோரீன் பேனாவைத் தேடும் சத்தம்தான் கேட்டது.

"நம்பர் சொல்லு," என்றார் டோரீன்.

சொன்னேன். பிளாக்தான் செய்திருந்தேன், மறக்கவில்லை. உன் முதல் போனை வாங்கிக் கொடுத்தவன் நான்தானே.

"என்ன சொல்லணும்?"

"சுடாதே. முன்கட்டையக் கழட்டு. உன் புறாவ வெர்னா உடைக்கட்டும்."

"புறாவ வெர்னா உடைக்கணும்."

"ஆமா."

"எழுதிகிட்டேன். எனக்குப் புரியணும்னு அவசியமில்ல."

அவர் வைத்த பிறகு அடுத்த மலையில் இருக்கும் கஸ்ஸின் குரல் வந்தது. "ஹேர்பெல், நாங்க மில்லுன்னு நெனச்சோம்ப்பா." நான், "தெரியும்," என்றேன்.

இத்தனை மாதம் ஒளிந்திருந்தேன், ஒரு நிமிடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதைப் பற்றி இப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆர்லோ கழுதைகளை அவிழ்க்காமல் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார், போக மாட்டேன் என்கிறார். நான் ஜன்னல் ஜன்னலாக நடக்கிறேன். தெற்கே ஒரு மேகத்தின் நிழலைப் பார்த்துப் புகை என்று சொல்லப் போனேன். டோரீன் இன்னும் கூப்பிடவில்லை. நீ தெரியாத எண்ணை எடுக்க மாட்டாய் என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. வெர்னா பக்கத்தில் இருந்தால் எடுப்பார். இல்லையென்றால்

கூப்பிடுகிறார்கள்.


கோஷாக்டன்
ஆகஸ்ட் 10

அண்ணா,

கை இருக்கு. அதாலதான் பேப்பர பிடிச்சுகிட்டு எழுதறேன்.

தெரியாத நம்பர்னு நான் எடுக்கலதான். (நீயும் அப்படித்தான் நெனச்சிருப்பன்னு எனக்குத் தெரியும்.) என் மொபைல ஸ்டாண்டுல மாட்டி வீடியோ எடுத்துகிட்டு இருந்தேன். முதல் சுத்து முடிஞ்சுது, எங்க டீம் நேரம்தான் முதல்ல நிக்குது, என் பலகை முழுக்க நானே உடைச்சேன். இடது கையில நாய்க்குட்டி மூச்சு ஒவ்வொரு தடவையும். அப்போதான் ஐடஹோ நம்பர் வந்து ரெக்கார்டிங்க நிறுத்துது. கட் பண்ணேன். மறுபடியும். கார் இன்சூரன்ஸ் விக்கறவன்னு நெனச்சேன். மறுபடியும் கட் பண்ணேன். மூணாவது தடவ வெர்னா எடுத்தாங்க, "ஏம்ப்பா, இங்க சண்டை நடக்குது, இன்சூரன்ஸ் எல்லாம் செத்ததுக்கு அப்புறம்"னு ஆரம்பிச்சவங்க, அப்படியே நின்னுட்டாங்க.

திரும்பி என்கிட்ட வந்து ஒரு வார்த்த மாறாம சொன்னாங்க. சுடாதே. முன்கட்டையக் கழட்டு. உன் புறாவ வெர்னா உடைக்கட்டும். "இத யாரு சொன்னது?"ன்னேன். "ஒரு பொம்பள, தீயணைப்பு ஆபீஸ்னாங்க. ஆனா இது எஸ்ரா பேச்சு. என் பேர சொல்லி புறா உடைக்கச் சொல்றவன் வேற எவன் இருக்கான்?"

ரெண்டாவது சுத்துக்கு கூப்பிட்டுட்டாங்க. எல்லாரும் கோட்டுக்குப் போறாங்க. நான் கார்பைன பிடிச்சுகிட்டு நிக்கறேன். உனக்கு பொறாமைன்னு தோணுச்சு அண்ணா, மறைக்க மாட்டேன். நான் உன் இடத்துல நிக்கறது பிடிக்கல, அதான் இப்படின்னு. வெர்னா, "முடிவு உன்னோடது பொண்ணே. நாலு பேரா சுடணும்னாலும் சுடுவோம்"னாங்க. அப்போ எனக்கு ஒண்ணு தோணுச்சு. என்னை பிளாக் பண்ணவன், ஒரு கடுதாசிக்கு ஒரு பக்கம்கூட எழுதாதவன், யாரோ முன்பின் தெரியாத பொம்பளய விட்டு மூணு தடவ கூப்பிட வெச்சிருக்கான்.

போய் உக்காந்துட்டேன்.

என்கிட்ட ஸ்க்ரூ டிரைவர்கூட இல்ல. பக்கத்து டீம் ஆள்கிட்ட பேனாக்கத்தி வாங்கி திருகினேன். முட்டைக்கோஸ் சாலட் சாப்பிட்ட பேப்பர் தட்டு மடியில இருந்துச்சு. கட்டைய கழட்டி அது மேல கவுத்தேன். அண்ணா, நான் கொஞ்சம் தூசி வரும்னு நெனச்சேன். ஊத்துது. உப்பு ஜாடிய கவுத்த மாதிரி. ரெண்டு மூணு ஸ்பூன் இருக்கும், கருகரு மருந்து, கட்டையோட உள்பக்கம் ஒரு ஓரத்துல தீஞ்ச தடம்.

கத்தி குடுத்தவர் பார்த்தார். ரேஞ்ச் ஆபீசர் வந்தார். அத தூரமா கொண்டு போய் ஜல்லியில கொட்டி, நீளக் குச்சியில நெருப்பு வெச்சார். வுஃப். என் முட்டி உயரத்துக்கு எழும்புச்சு. நான் என் இடது கைய பார்த்தேன். அப்புறம் உன் கைய நெனச்சேன். எந்தெந்த விரல்னு.

நீ அளந்துதான் போட்டிருக்க.

ஃபோரத்துல அந்தத் திரியில போய் தட்டோட போட்டோவ போட்டேன். "என் அண்ணன் அளந்துதான் போட்டான். நான் சொன்னது தப்பு, நீங்க எல்லாரும் சொன்னதும் தப்பு. கட்டைய கழட்டிப் பாருங்க"ன்னு எழுதினேன். முதல் பதில் "ஆதாரம்?"னு வந்துச்சு. லேப்டாப்ப மூடிட்டேன். ரெண்டு நிமிஷத்துல திறந்து பார்த்தேன், இன்னொருத்தன், "கழட்டினேன். என்னோடதுலயும் இருக்கு"ன்னு. அதுக்குக் கீழ இன்னொருத்தன். அதுக்கு அப்புறம் நான் பார்க்கல, அம்மா பக்கத்துல உக்காந்து அழுதுகிட்டு இருந்தாங்க, சோளத்த உரிச்சுகிட்டே.

கீழ இருக்கிற கறை மை இல்ல. கட்டை உள்ள விரல வெச்சு தேச்சு இங்க வெச்சேன்.

ரோ


ஹேர்பெல் கோபுரம்
ஆகஸ்ட் 21

ரோ,

இந்தக் கடிதம் விறகுப் பக்கம் போகவில்லை. முதல் கடிதத்தையும் அங்கிருந்து எடுத்துவிட்டேன்.

அன்று டோரீன், "சுடலயாம். கை இருக்காம். புறா விஷயம் எனக்கு இன்னும் புரியல," என்று மட்டும் சொன்னார். ஆர்லோ எழுந்து கழுதைகளை அவிழ்த்துக்கொண்டு போனார். மறுநாள் காலை வானிலை சொல்லும் நேரத்தில் ஒவ்வொரு கோபுரமாக ரேடியோவில் வந்தது. "காற்று மேற்கு, மிதம், புகை இல்லை, தங்கச்சி எப்படி?" என்று. இன்றுவரை ஓயவில்லை. இதுவரை நான் பார்த்தே இராத ஒரு கிழவர், வடக்குக் கோபுரத்தில் இருப்பவர், தன்னிடம் அதே மாடல் இருக்கிறது, எந்தத் திருகை முதலில் எடுப்பது என்று கேட்டார். ரேடியோவிலேயே சொல்லிக் கொடுத்தேன். டோரீன் அதைத் தடுக்கவில்லை.

தோட்டாவின் வாலை விட்டுவிடு. அடியை மெல்லிய காகிதத்தால் ஒட்டிவிடு, கதவு மூடும்போது எதையும் வெட்டாத நீளத்துக்குச் செய். உன் மத்தாப்பு போய்விடும், பரவாயில்லை. தேய்ந்த கதவை யாரிடமாவது காட்டிச் சரிசெய்யும்வரை தொடாதே. அதற்குப் பிறகும் ஒவ்வொரு முறையும் கட்டையைக் கழற்று. கையில் மறுபடி மூச்சு பட்டால் அங்கேயே நிறுத்து.

இப்போது ஒன்று கேட்கிறேன். இவ்வளவு பக்கம் எழுதியிருக்கிறாய். தட்டில் இருந்த முட்டைக்கோஸைக்கூட எழுதியிருக்கிறாய். நான்கு பேராக இரண்டாவது சுற்றை எவ்வளவு நேரத்தில் முடித்தார்கள் என்று எழுதவில்லை. உன் பலகையை உடைத்தது வெர்னா தானா? அவர் என்றால் இடது ஓரத்திலிருந்து ஆரம்பித்திருப்பார், அதில் நேரம் போயிருக்கும். வலது ஓரத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்லி நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அக்டோபரில் நடக்கும் பெரிய போட்டிக்குத் தகுதி கிடைத்ததா, இல்லையா? கஸ் கேட்கிறான் என்று எழுதலாம் என்று பார்த்தேன். கஸ் கேட்கவில்லை. நான்தான் கேட்கிறேன்.

அடுத்த மாதம் முதல் பனி விழுந்ததும் எங்களைக் கீழே இறக்கிவிடுவார்கள். உன் பதில் அதற்குள் வந்து சேராது. எழுதாதே, நேரில் சொல்.

எஸ்ரா